ஒல்லாந்தனின் இரண்டாம் அறை

குறிஞ்சாக்கேணிச் சந்தியில் ஸல்ஹாவிடம் வெடி மீனைத் தள்ளிவிட எந்த வியாபாரியாலும் லேசில் முடியாது. செவுளை விரித்துப் பார்ப்பது, கண்ணை அழுத்திப் பார்ப்பது எல்லாம் அவளுக்கு வேண்டாம். மீனை வாலில் பிடித்துத் தூக்குவாள். வலையில் பட்ட மீன் விறைத்து நிற்கும். கடலுக்குள் வெடி வைத்துக் கொன்ற மீன் நனைந்த சீலைபோலத் துவண்டு தொங்கும். தோலில் ஒரு கீறலும் இராது. வயிற்றைப் பிளந்தால் முள்ளந்தண்டு நொறுங்கி, அதைச் சுற்றி இரத்தம் கறுத்து உறைந்திருக்கும்.

"இந்தா, உன்ட வெடி மீன நீயே தின்னு," என்று திருப்பிப் போட்டுவிட்டு நடப்பாள்.

அவளுடைய தம்பி அன்ஸார் வெள்ளிக்கிழமைகளில் கொண்டுவந்து தரும் பாரையை மட்டும் அவள் வாலில் பிடித்துத் தூக்குவதில்லை. நேரே குசினிக்குக் கொண்டுபோய்த் துண்டு போட்டுக் கழுவிவிடுவாள். கதிரையில் இருந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் கணவன் றுவைஸ் அதைக் கண்டும் ஒன்றும் கேட்பதில்லை.

றுவைஸுக்கு நாற்பத்தெட்டு வயது. பதினெட்டு வயதிலிருந்து சுழியோடி. முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்கிச் சங்கும் கடலட்டையும் எடுப்பது தொழில். ஒருநாள் ஆழத்திலிருந்து அவசரப்பட்டு மேலே வந்ததில் வலது கால் இழுக்கத் தொடங்கியது. இடது காது அதற்கும் முன்பே போய்விட்டது. அந்தப் பகுதியில் அப்படி நடக்கிற ஆண்கள் பலர் உண்டு. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

சுனாமி அடித்த கிழமையில் அவனுக்கு வயது இருபத்தெட்டு. களப்புக்குள் முங்கி முங்கி நாற்பத்தொரு மையித்துகளை எடுத்தான். முதல் இரண்டு நாளும் எடுத்த உடல்களுக்கு முகம் இருந்தது. பிறகு எடுத்தவற்றுக்கு இல்லை. ஆர் முஸ்லிம், ஆர் இந்து என்றும் சொல்ல முடியவில்லை. பெக்கோ இயந்திரம் தோண்டிய ஒரே குழியில் எல்லோரையும் வைத்து மூடினார்கள். அதற்குப் பிறகு எலும்பு என்றால் றுவைஸுக்கு ஒரே பொருள்தான்: யாரோ ஒருவர் வீட்டில் தேடுகிறார்கள்.

அந்த நினைப்போடுதான் அவன் ஒல்லாந்தனுக்குள் இறங்கினான்.

ஒல்லாந்தன் என்பது கொட்டியாரக் குடாவின் வாயில், பதினைந்து பாகம், அதாவது தொண்ணூறு அடி ஆழத்தில் கிடக்கும் கப்பல். நாற்பத்தேழாம் ஆண்டு படையாட்களையும் எறிகணைகளையும் ஏற்றிக்கொண்டு கிழக்கே போன, நெதர்லாந்து என்கிற ஒல்லாந்து தேசத்துக் கப்பல், தண்ணீர் எடுக்கத் துறைமுகத்துக்குள் திரும்புகிற நேரத்தில் தீப்பிடித்து மூழ்கியது. ஊருக்குத் தெரிந்தது அவ்வளவே. யுத்தம் முடிந்து கடல் திறந்ததும் பழைய செம்புக்கு விலை ஏறியது. றுவைஸும் இன்னும் நாலு பேரும் ஒல்லாந்தனின் குழாய்களை வெட்டப் போனார்கள். முன்பக்கத்திலிருந்து இரண்டாவது சரக்கறைக்குள் அவன் டோர்ச்சை அடித்தபோது ஒரு சப்பாத்து தெரிந்தது. சப்பாத்துக்குள் பாத எலும்புகள், ஒன்றுகூட இடம் மாறாமல்.

கரைக்கு வந்ததும் சுழியோடிகள் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னான். "ரெண்டாம் அறை மையித்துகள்ர இடம். இனி ஒருத்தரும் அதுக்குள்ள கை வைக்கப்படாது."

ஒருவரும் எதிர்த்துக் கதைக்கவில்லை. மூதூர் வரைக்கும் அந்தச் சொல் போயிற்று. நாளடைவில், ஒல்லாந்தனுக்கு மேலால் போகும் வள்ளங்கள் அந்த இடத்தில் எஞ்சினைக் குறைத்து, கடந்ததும் கூட்டுவது வழக்கமாகிவிட்டது. கீழே கிடப்பவர்கள் ஆர், எங்கே போனார்கள், எதற்குப் போனார்கள் என்று எவரும் கேட்கவில்லை. மையித்திடம் என்ன விசாரணை?

பதினாலு வருடம் அப்படியே போயிற்று. போன ஜூலையில் தனஞ்சயன் தேடி வந்தான்.

தனஞ்சயன் உப்புவெளியில் வெளிநாட்டவர்களைக் கடலுக்குள் கூட்டிப்போய்க் காட்டும் அலுவலகம் வைத்திருப்பவன். நாலு பாஷை கதைப்பான். ஒல்லாந்திலிருந்து ஒரு நினைவுச் சங்கம் வந்திருக்கிறது, கப்பலின் இரண்டாம் அறைச் சுவரில் வெண்கலத் தகடு ஒன்றைப் பூட்டப்போகிறார்கள், அந்த வேலைக்கு றுவைஸை விட்டால் ஆளில்லை என்றான். றுவைஸ் போய்ப் பார்த்தபோது தகடு மேசையில் கிடந்தது. பக்கத்தில் மார்ட்டின் என்ற பெரியவர் இருந்தார். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார். அவருடைய தகப்பனின் தமையன் இருபது வயதில் அந்தக் கப்பலில் போனவர்.

"எழுத்து என்ன சொல்லுது?" என்று றுவைஸ் கேட்டான்.

தனஞ்சயன் விரலை வைத்து வாசித்தான். "'சமாதானத்தையும் ஒழுங்கையும் நிலைநாட்டப் புறப்பட்டு இவ்விடத்தில் உயிர்நீத்த முப்பத்தொரு வீரர்களுக்கு.' வீரர் மட்டும்தான் நானா. முன்னால ஒரு 'மா' போட்டனெண்டால், இயக்கத்தின்ர சொல் எண்டு வேற ஆக்கள் வந்து என்னை விசாரிப்பினம்."

"எங்க நிலைநாட்டப் போன?"

தனஞ்சயன் அதை மார்ட்டினிடம் கேட்டான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"ஜாவாவுக்காம்," என்றான் தனஞ்சயன். "அந்தச் சனம் தங்களுக்குச் சுதந்திரம் எண்டு சொல்லிப்போட்டுதாம். இவையின்ர அரசாங்கம், இல்லை, அது எங்கட சொத்து எண்டு பெடியங்களைப் பிடிச்சு ஏத்தி அனுப்பினதாம். பெரியப்பா கடைசியாய் எழுதின கடிதத்தில, நாங்கள் அங்க அரிசி குடுக்கப் போறம் எண்டு எழுதியிருந்தவராம். சமாதானம் எண்ட சொல்லைச் சங்கம்தான் போட்டதாம். இவர் அந்தப் பெயருக்காக மட்டும் வந்தவராம்."

"அப்ப ஜாவாச் சனம் இவங்கள வரச் சொன்னதா?"

"நானா, எண்பது வருசத்துக் கதை. எங்களுக்கு என்ன? நாலு ஆணியை இறுக்கிப்போட்டு வாங்கோ."

நாலு ஆணிதான். ஆனாலும் றுவைஸ் தகட்டை இன்னொரு தரம் பார்த்தான். எலும்புக்கு மரியாதை செய்ய அவனுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. இந்தத் தகடு எலும்புக்குச் செய்கிற மரியாதை இல்லை என்பது அவனுக்கு விளங்கியது. இருபது வயதுப் பிள்ளைகளின் கையில் துவக்கைக் கொடுத்து, தன் மண்ணைத் தானே ஆளவேண்டும் என்று சொன்ன சனத்தைச் சுடுவதற்குக் கப்பலேற்றியவர்கள், பிள்ளைகள் செத்த பிறகு அதே பிள்ளைகளின் பெயர்களுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறார்கள். முப்பத்தொரு பெயருக்கு மேலே ஒரே ஒரு பொய். அந்தப் பொய்யை எவனாவது தொட்டால், இறந்தவர்களை அவமதிக்கிறாயா என்று அதட்டலாம். எல்லா அரசாங்கங்களுக்கும் தெரிந்த வித்தை இது. நம்முடையவர்களுக்கும் தெரியும்.

அறையின் உட்பக்கத்தைப் படம் எடுத்துத் தர முடியுமா என்று மார்ட்டின் கேட்டிருந்தார். அடுத்த நாள் அளவெடுக்க இறங்கிய றுவைஸ், பதினாலு வருடத்தில் முதல் தடவையாகத் தானே போட்ட கட்டளையை மீறினான். மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு டோர்ச்சை உள்ளே நீட்டினான்.

நீல நிறப் பிளாஸ்டிக் கான்கள். பதினொன்று. சுவரோடு சாத்தி அடுக்கி, கயிற்றால் பிணைத்திருந்தது. அவற்றுக்குப் பின்னால் எறிகணைப் பெட்டிகள் திறந்து கிடந்தன. சில எறிகணைகள் மூக்கு அறுபட்டு, உள்ளே கோதுபோல வெறுமையாக இருந்தன. உள்ளிருந்த வெடிமருந்து எங்கே போயிற்று என்று கேட்கவேண்டியதில்லை. கான்களுக்கு இடம் வேண்டுமென்று அந்தச் சப்பாத்தை யாரோ ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டிருந்தார்கள். பாத எலும்புகள் சிதறிக் கிடந்தன.

கயிற்றின் முடிச்சு இடது கைக்காரன் போட்ட முடிச்சு. குறிஞ்சாக்கேணிச் சுழியோடிகளில் இடது கைக்காரன் ஒருவன்தான்.

தகடு பூட்டவேண்டியது அதே சுவரில், வெளிப்பக்கம். துருப்பிடித்து மெலிந்த இரும்பு. அதில் காற்று ட்ரில்லால் நாலு துளை போடவேண்டும். துளைக்கு அந்தப் பக்கம் கான்கள்.

அன்ஸார் கரையில் இடது கையால் வள்ளத்தின் எஞ்சினைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தான். றுவைஸ் போய் எதிரே குந்தினான்.

"ரெண்டாம் அறைக்குள்ள என்னத்த வெச்சிருக்காய்?"

அன்ஸார் கையைச் சாரத்தில் துடைத்தான். முகத்தில் பயம் இல்லை, சிரிப்புத்தான் வந்தது. "ஒருத்தரும் போகப்படாது எண்டு சொன்ன ஆள் நீங்கதானே மச்சான். நீங்க ஏன் போன?"

"கேட்டதுக்குச் சொல்லு."

"வள்ளத்தச் செக் பண்றாங்க. வீட்டச் செக் பண்றாங்க. கரையில மீன் வாடியக் கிளறிப் பாக்குறாங்க. அங்க மட்டும் ஒரு குஞ்சும் வராது. உங்கட புண்ணியத்தில இந்தக் குடாவுக்குள்ள அதப்போல பத்திரமான இடம் வேற இல்ல."

"உள்ளுக்கு மனிசர் கிடக்காங்கடா."

"கிடக்கட்டும். அவங்க ஏத்திட்டு வந்த சாமான்தானே? சனத்தக் கொல்லக் கொண்டு வந்தது. நான் மீனத்தான் கொல்றன். கணக்குப் பாருங்க மச்சான், ஆருக்குப் பாவம் கூட?"

றுவைஸ் போட்டுப் பார்த்தாலும் கணக்கு அப்படித்தான் வந்தது. அதுதான் அவனுக்கு அதிகம் எரிந்தது.

"வெள்ளிக்கிழமை அந்தச் சுவரில ட்ரில் போடணும். மேல வள்ளத்தில இருவது பேர் நிப்பாங்க. கீழ நான் நிப்பன்."

இப்போதுதான் அன்ஸாரின் சிரிப்பு நின்றது. "புதனுக்குள்ள எடுத்திடுறன். ராத்தாட தலையில சத்தியம்."

"எடுத்து?"

"அத எனக்கிட்ட விடுங்க."

றுவைஸ் விட்டுவிட்டான். பிற்பாடு அவன் தன்னைத்தானே திட்டிக்கொண்டது இதற்காகத்தான். அந்த நிமிடமே போய்ச் சொல்லியிருக்கவேண்டும். சொன்னால் அன்ஸார் எத்தனை வருடம் உள்ளே போவான் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அன்று பின்னேரம் ஸல்ஹா சோற்றுக் கோப்பையை முன்னால் வைத்துவிட்டு நின்றாள்.

"பொலிசுக்குச் சொல்லப் போறீங்களா?"

ஆக, அவளுக்கும் தெரியும்.

"அவனுக்கு மூணு புள்ள," என்றாள்.

"வள்ளத்தில வாறவங்களுக்கும் புள்ளையிருக்கும்."

"அவன் எடுத்திடுவான். சத்தியம் பண்ணினவன்."

திங்கள் இரவு கச்சான் காற்று கிளம்பியது. செவ்வாயும் புதனும் வியாழனும் கடல் வெள்ளையாக நுரைத்தது. ஒரு வள்ளமும் இறங்கவில்லை. றுவைஸ் மூன்று நாளும் கரையில் நின்று காற்றைப் பார்த்தான். தனஞ்சயனுக்குத் தொலைபேசி எடுத்து, ஒரு கிழமை தள்ளிப் போடச் சொன்னான்.

"ஏலாது நானா. பெரிய பெரிய ஆக்கள் எல்லாம் வந்து நிக்கினம். ஏன், என்ன விசயம்?"

"காத்து," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை விடியக் காற்று செத்துப்போயிற்று. கடல் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்தது. சிலிண்டரை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டிருந்த றுவைஸின் பக்கத்தில் அன்ஸார் வந்து நின்றான். கண்கள் சிவந்திருந்தன.

"எடுக்க ஏலாமப் போச்சு மச்சான்," என்றான் மெல்லிய குரலில், றுவைஸின் நல்ல காதுக்குள். "பாத்து மெல்லமாப் போடுங்க. ஒண்டும் நடக்காது. எண்பது வருசமா ஒண்டும் நடக்கல்லதானே."

வள்ளம் புறப்பட்டது. வெள்ளை உடுப்புப் போட்ட அதிகாரிகள், சங்கத்துத் தலைவர், படம் பிடிக்கிறவர்கள், மடியில் மலர் வளையத்துடன் மார்ட்டின். ஒல்லாந்தன் கிடக்கும் இடம் வந்ததும் ஓட்டி பழக்கத்தில் எஞ்சினைக் குறைத்தான். அந்த மரியாதையைக் கண்டு சங்கத்துத் தலைவர் நெஞ்சில் கை வைத்துத் தலைகுனிந்தார். றுவைஸ் வேறு பக்கம் பார்த்தான்.

சின்ன ஒலிபெருக்கியில் அவர்களுடைய தேசிய கீதம் போயிற்று. தலைவர் எழுதிவந்ததை வாசித்தார். சமாதானம் என்ற சொல் எத்தனை தரம் வந்தது என்று தனஞ்சயனின் மொழிபெயர்ப்பில் தெரிந்தது. பிறகு தனஞ்சயன் ட்ரில்லை றுவைஸின் கையில் கொடுத்தான். படம் பிடிக்கிற ஒரு வெள்ளைக்காரப் பெடியன் கூடவே இறங்கத் தயாராகிச் சிலிண்டருடன் இருந்தான். பூட்டாமல் வந்து பூட்டினேன் என்று சொல்ல வழியில்லை.

"சரி நானா, இறங்குங்கோ."

றுவைஸ் வள்ளத்தின் விளிம்பில் இருந்தபடியே முகக் கண்ணாடியை மேலே தள்ளினான். தூரத்தில் இறங்குதுறை ஒரு கோடாகத் தெரிந்தது. அதில் ஒரு புள்ளியாக அன்ஸார் நிற்பான். மூன்று பிள்ளைகள். சத்தியம் பண்ணிய தலை ஸல்ஹாவுடையது.

"இறங்க ஏலாது," என்றான்.

"என்ன விளையாட்டு இது?"

"உள்ளுக்கு வெடி இருக்கு. கப்பலில வந்த பழசும் இருக்கு, வெட்டி எடுத்துக் கானில போட்ட புதுசும் இருக்கு. ட்ரில் போடுற சுவருக்கு அங்கால. எல்லாரையும் கரைக்குக் கொண்டு போங்க. இப்பவே."

தனஞ்சயன் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் சொல்லி முடிப்பதற்குள் ஓட்டி எஞ்சினை முறுக்கிவிட்டான். வைத்தது ஆர் என்று ஓர் அதிகாரி கேட்டார்.

"ஆளத் தெரியும். கரையில சொல்றன். அந்த இடத்துக்குள்ள ஒருத்தரும் போகாமப் பண்ணினவன் நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்க."

சங்கத்துத் தலைவர் சிவந்துபோய் ஏதோ கத்தினார். வீரர்களின் கல்லறையை இந்த ஊர்க்காரர்கள் அசிங்கப்படுத்திவிட்டார்கள் என்கிறார் என்றான் தனஞ்சயன்.

"இவங்கட அரசாங்கம் ஏத்தின சாமான் எண்டு சொல்லு. ஜாவாவில சனத்துக்கு மேல போடக் கொண்டு வந்து, எங்கட கடலுக்குள்ள விட்டிட்டுப் போனது. எண்பது வருசமா எழுத்து வெட்டுற சங்கத்துக்கு, இத அள்ளிக்கொண்டு போக ஒரு நாளும் ஞாபகம் வரல்ல எண்டு சொல்லு."

தனஞ்சயன் அதில் எவ்வளவைச் சொன்னான் என்பது அவனுக்கே வெளிச்சம். மார்ட்டின் மட்டும் றுவைஸின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மலர் வளையத்தைக் கடலில் போட அவர் மறந்துவிட்டார்.

அன்று ஜும்ஆத் தொழுகை முடிந்து சனம் வெளியே வருகிற நேரத்தில் அன்ஸாரைப் பிடித்து ஏற்றினார்கள். அவன் ஓடவில்லை. றுவைஸை ஒரு தரம் பார்த்தான், அவ்வளவுதான். அன்றிலிருந்து ஸல்ஹா கணவனுடன் கதைப்பதை விட்டாள். சோறு போட்டாள், உடுப்புத் தோய்த்தாள். வாய் திறக்கவில்லை. சந்தியில் சிலர் அவனைக் கண்டால் துப்பினார்கள். வேறு சிலர் வந்து தோளில் தட்டிவிட்டுப் போனார்கள். இரண்டும் அவனுக்கு ஒன்றுதான்.

மார்ட்டின் ஊருக்குப் போகுமுன் குறிஞ்சாக்கேணிக்கு வந்தார். கையில் உள்ளங்கையளவு செப்புத் தகடு. பட்டினத்தில் யாரிடமோ கொடுத்து வெட்டுவித்திருந்தார். ஒரு பெயர், பிறந்த வருடம், இறந்த வருடம். வேறு ஒரு சொல்லும் இல்லை. வீரன் என்றும் இல்லை, குற்றவாளி என்றும் இல்லை. அடுத்த நாள் றுவைஸ் தன் வள்ளத்தில் அவரைக் கூட்டிப்போய், எஞ்சினைக் குறைத்து, அதைத் தண்ணீரில் விட்டான். இதைச் செய்வதில் அவனுக்கு ஒரு தயக்கமும் இருக்கவில்லை. ஒரு வீட்டில் ஒருவரைத் தேடியிருக்கிறார்கள். அவ்வளவு உண்மையை எந்தக் கடலிலும் போடலாம்.

வெண்கலத் தகடு தனஞ்சயனின் அலுவலகத்தில் சுவரைப் பார்த்தபடி சாய்ந்து கிடக்கிறது.

கான்கள் பதினொன்றையும் அதிகாரிகள் எடுத்துவிட்டார்கள். பெட்டிகளை எடுக்கவில்லை. அது வெளிநாட்டுப் படையாட்களின் கல்லறை, கை வைக்க அந்த நாட்டின் சம்மதம் வேண்டும் என்று இங்கிருந்து கடிதம் போயிற்று. உங்கள் கடலில் கிடப்பது உங்கள் பொறுப்பு, ஆனால் எலும்புகளுக்குப் பங்கம் வரக்கூடாது என்று அங்கிருந்து பதில் வந்தது. முடிவு வரும்வரை ஒரு மஞ்சள் மிதவை கட்டி, இறங்குதுறையில் மூன்று மொழியில் ஒரு பலகை நட்டார்கள். புனித நினைவிடம். உட்செல்லத் தடை. பதினாலு வருடத்துக்கு முன் றுவைஸ் வாயால் சொன்னதை இப்போது அரசாங்கம் பெயின்றால் எழுதியிருக்கிறது.

செப்டெம்பர் கடைசியில் ஒரு பின்னேரம், றுவைஸ் கதிரையில் இருந்து காலைத் தடவிக்கொண்டிருந்தான். குசினியிலிருந்து ஸல்ஹா வந்து அவன் முன்னால் நின்றாள். கையில் ஒரு பீங்கான். அதில் பிளந்த பாரை. சந்தியில் வாங்கியது. அவசரத்தில் வாலில் பிடித்துத் தூக்கிப் பார்க்கவில்லை போலும். முள்ளந்தண்டு துண்டு துண்டாக நொறுங்கி, இரத்தம் கறுத்துக் கிடந்தது.

இரண்டு மாதத்துக்குப் பிறகு அவள் வாய் திறந்தாள்.

"அன்ஸார் உள்ளுக்கு இருக்கான். அப்ப இது ஆர்?"

றுவைஸ் மீனையே பார்த்தான். அன்று காலை சங்குக்குப் போகையில் மஞ்சள் மிதவைக்குப் பக்கத்தில் ஒரு வள்ளம் எஞ்சினைக் குறைத்ததை அவன் கண்டிருந்தான். மரியாதைக்குக் குறைக்கிறார்கள் என்று நினைத்துக் கண்ணை எடுத்துவிட்டான். அந்த எஞ்சின் மறுபடி கூடிய சத்தம் கேட்கவே இல்லை என்பது இப்போதுதான் ஞாபகம் வந்தது.